விருப்பத்துடன் அளித்த நன்கொடை

அப்பா அழைத்தபோது நான் ஒரு வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். உள்ளே ஏழு வயதுப் பெண் குழந்தை ஒன்று, கழுத்து நிற்காமல், எங்கள் தொண்டு நிறுவனம் செய்து கொடுத்த மர நாற்காலியில் சாய்ந்திருந்தது. அவளுக்கு அடையாள அட்டை புதுப்பிக்க வேண்டும், உதவித்தொகை மூன்று மாதமாக வரவில்லை, பயிற்சியாளர் வரும் நாளை மாற்ற வேண்டும். அன்றைய வேலையாக இந்த மூன்றையும் கைப்பேசியில் குறித்து வைத்திருந்தேன்.

"பாப்பா, வேலையா இருக்கியா?"

"சொல்லுங்கப்பா."

"ஒண்ணுமில்ல. பேங்க்ல பணம் எடுக்க விட மாட்டேங்குறாங்க."

"எந்தப் பணம்?"

"நெல்லுப் பணந்தான். வந்துருச்சுன்னு மெசேஜ் வந்துச்சுல்ல. பணம் இருக்காம், எடுக்கக் கூடாதாம். கௌண்டர்ல இருக்க பொண்ணு, 'உங்க மக படிப்புக் கடன் நிலுவையில கெடக்கு, அதான்'னு சொல்லுச்சு. சுத்தி எல்லாரும் நின்னாங்க பாப்பா."

கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் கூடுதல் என்று நெல்லைத் திருப்பி, சாலையில் கொட்டிக் காயவைத்து, பனிக்கு மூடிக் காத்துக் கிடந்துவிட்டுத்தான் அப்பா எடை போட்டிருந்தார். ஒரு லட்சத்துப் பத்தாயிரம் சொச்சம். அது அவர் கணக்கில்தான் இருந்தது. ஆனால் படிப்புக் கடனுக்கு என்னோடு சேர்ந்து கையெழுத்துப் போட்டவர் அவர். நான் கட்டாததற்கு அவர் கணக்கைப் பிடித்து நிறுத்தியிருக்கிறார்கள்.

"சரிப்பா. நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

உள்ளே போனதும் குழந்தையின் அம்மா மோர் கொடுத்தார். பேச்சுவாக்கில், "ஒங்களுக்கெல்லாம் என்ன சம்பளம் குடுப்பாங்க?" என்று கேட்டார்.

"பதினெட்டாயிரம்."

"பரவால்லியே. எங்க வீட்டுக்காரரு நாலு நாளு வேலைக்குப் போனா மூணு நாளு படுத்துக் கெடக்குறாரு. நீங்க நெழல்ல உக்காந்து பேசிட்டுப் போறீங்க."

சிரித்தேன். பதினெட்டாயிரம் என்று சொல்லிச் சொல்லி எனக்கே அது பழகியிருந்தது.

*

நிலத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ஏழு மா. மூன்று மா ஒரு ஏக்கர் என்பது எங்கள் பக்கத்துக் கணக்கு. தாத்தா காலத்தில் எங்கள் குடும்பம் அந்த நிலத்தில் கூலிக்கு நடவு நட்டது. அப்பா காலத்தில் குத்தகைக்கு வந்தது. உடையவர்கள் வெளிநாட்டில். அவர்களுக்காக எல்லாம் பார்க்கும் காரியக்காரர் ஒருவர் இருந்தார். அப்பாவைவிட வயதில் சிறியவர். அப்பாவை 'என்னப்பா' என்பார். அப்பா அவரை 'ஐயா' என்பார்.

குத்தகை வாய்வார்த்தைதான். எங்கும் பதிவில்லை. மாவுக்கு ஆறாயிரம் வீதம் நாற்பத்திரண்டாயிரம், சம்பா அறுவடை முடிந்து பங்குனிக்குள் கையில் கொடுத்துவிட வேண்டும். கொடுத்தால் அடுத்த வருஷமும் நிலம் எங்களுக்கு. கொடுக்காவிட்டால் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் முன்பணத்தோடு காத்திருந்தார். அந்த வருஷம் காரியக்காரர் சொல்லிவிட்ட நாள் வெள்ளிக்கிழமை. அப்பா என்னை அழைத்தது அதற்கு முந்தைய வாரம் வியாழக்கிழமை. எட்டு நாள் இருந்தது.

நான் சமூகப்பணியில் முதுகலை படித்தவள். ஒரு குடும்பத்தைச் சந்தித்தால் நான்கு தலைப்பில் எழுதக் கற்றிருக்கிறேன்: பிரச்சினை, காரணம், கையில் உள்ள வளம், அடுத்த படி. அன்று திரும்பும் பேருந்தில் எங்கள் வீட்டை அந்த நான்கில் எழுதிப் பார்த்தேன்.

பிரச்சினை: வெள்ளிக்கிழமைக்குள் நாற்பத்திரண்டாயிரம்.

காரணம்: நான்.

வளம் என்ற தலைப்பின் கீழ் வெகுநேரம் ஒன்றும் எழுதவில்லை. அம்மாவின் சங்கிலியும் தோடும் நடவு நேரத்திலேயே அடகுக்குப் போயிருந்தன. குழுக்கடன் இரண்டு ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாவது கொடுக்க மாட்டார்கள். மாமா ஏற்கெனவே அறுவடை இயந்திர வாடகைக்குத் தான் பொறுப்பு என்று சொல்லி இயந்திரத்தை வரவழைத்தவர். அவருக்கே நாங்கள் தர வேண்டும். கடைசியில் "வங்கிக்கு மனு" என்று எழுதினேன். அது வளமா, அடுத்த படியா என்று அப்போதும் தெரியவில்லை.

*

கடன் எப்படி நிலுவையில் போனது என்பது எளிய கணக்கு. மாதத் தவணை ஐயாயிரத்து நானூறு. என் கையில் வருவது பதினோராயிரம். தஞ்சாவூரில் விடுதியும் சாப்பாடும் ஐந்தரை. ஊர் ஊராகப் போகிற பேருந்துச் செலவு இரண்டாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அலுவலகம் அதைத் திருப்பித் தரும், ஆனால் மூன்று மாதம் கழித்து. வீட்டுக்கு ஆயிரத்தைந்நூறு. மிச்சத்தை ஒவ்வொரு மாதமும் வங்கியில் கட்டினேன், ஒரு மாதம் கூடத் தவறாமல். பாதித் தவணை கட்டினால் வங்கிக் கணக்கில் அது கட்டாத தவணைதான் என்பது எனக்குத் தெரிந்தபோது நிலுவை முப்பத்தெட்டாயிரம் ஆகியிருந்தது.

பதினெட்டாயிரம் எப்படிப் பதினோராயிரம் ஆகிறது என்பதுதான் எங்கள் தொழிலுக்கு வெளியே யாருக்கும் புரியாத விஷயம்.

எங்களுக்குப் பணம் தரும் வெளியூர் அமைப்பு, திட்டச் செலவில் ஒரு பங்கை உள்ளூரிலேயே திரட்ட வேண்டும் என்று விதி வைத்திருந்தது. உள்ளூரில் யார் கொடுப்பார்கள்? கோயில் கொடைக்குக் கொடுப்பார்கள், கபடிப் போட்டிக்குக் கொடுப்பார்கள். நடக்க முடியாத குழந்தைகளுக்குப் பயிற்சி தர யாரும் கொடுக்கவில்லை. அதனால் ஊழியர்கள் கொடுத்தோம். சம்பளம் முழுதாகக் கணக்கில் ஏறும். அன்றைக்கே எல்லோரும் கூட்டமாகப் போய் ஏ.டி.எம். இயந்திரத்தில் ஏழாயிரம் எடுத்துக்கொண்டு வந்து கணக்குப் பார்க்கும் அக்காவிடம் தருவோம்.

"வாங்கடி வாங்க, உண்டியல் தொறந்தாச்சு" என்பார் அக்கா. "நேர்த்திக்கடன் உள்ளவங்க மொதல்ல வாங்க."

"முடி காணிக்கை உண்டாக்கா?"

"அது அடுத்த வருஷ பட்ஜெட்ல வருது. இப்ப ஏழாயிரம் மட்டும்."

அக்காவும் அவர் பங்கை அவரே அவருக்குக் கொடுத்து, அவரே ரசீது எழுதி, அவரே வாங்கிக்கொள்வார். ரசீதில் 'விருப்பத்துடன் அளித்த நன்கொடை' என்று அச்சிட்டிருக்கும். கீழே வரிவிலக்கு எண். பெயர், தொகை, அக்காவின் கையெழுத்து. பலர் ரசீதைக் கசக்கிப் போட்டுவிடுவார்கள். நான் எண் போட்டுக் கோப்பில் வைத்தேன். எந்தத் தாளையும் தூக்கிப் போடாதே என்பது நான் வீடு வீடாகப் போய்த் தாய்மார்களுக்குச் சொல்வது.

இன்னும் இரண்டு சொல்வேன். எதைக் கொடுத்தாலும் நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். கேட்டதை மட்டும் காட்டுங்கள். கேட்காத காகிதத்தை நீட்டாதீர்கள்.

*

திங்கட்கிழமை அரைநாள் விடுப்பு எடுத்து ஊர் வங்கிக்குப் போனேன். மனுவை இரவல் கணினியில் தட்டச்சு செய்திருந்தேன். கேட்டவை இரண்டு: அப்பா கணக்கின் பிடிப்பை விலக்க வேண்டும், வருமானத்துக்குத் தக்கபடி தவணையைக் குறைக்க வேண்டும். உண்மையான வருமானம் பதினோராயிரம் என்பதற்குச் சான்றாகப் பதினான்கு ரசீதுகளின் நகலையும் தேதி வரிசையில் இணைத்திருந்தேன். முதல் பக்கத்தில் இணைப்புப் பட்டியல். முன்மேசையில் கொடுத்து, இரண்டு நகலிலும் முத்திரை வாங்கிக்கொண்டு, அதன் பிறகு மேலாளர் அறைக்குப் போனேன். அப்பா என் பின்னால் வந்து உட்காராமல் நின்றார்.

"உக்காருங்கய்யா" என்றார் மேலாளர். நல்ல மனிதர். மனுவைப் பொறுமையாகப் படித்தார். பட்டியலைப் பார்த்து, "இப்படி ஒழுங்கா யாரும் குடுக்க மாட்டாங்கம்மா" என்றார். எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

பிறகு ரசீதுகளுக்கு வந்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று திருப்பினார். கண்ணாடியைக் கழற்றினார்.

"இது என்னம்மா?"

"அது நான் திருப்பிக் குடுக்குறது சார். கையில வர்றது பதினொண்ணுதான்."

"திருப்பிக் குடுக்குறதுன்னு இதுல எங்க இருக்கு? விருப்பத்துடன் அளித்த நன்கொடைன்னு இருக்கு. வரிவிலக்கு வேற." குரலைத் தாழ்த்தினார். "மாசாமாசம் ஏழாயிரம் தர்மம் பண்றீங்க. ஐயாயிரத்து நானூறு தவணை கட்ட முடியலங்குறீங்க. இத மேல அனுப்புனா படிக்கிறவன் என்ன நினைப்பான்?"

"விருப்பப்பட்டுக் குடுக்கல சார். எல்லாரும் குடுக்கணும்."

"குடுக்கலன்னா?"

"வேலை இருக்காது."

"அத உங்க ஆபீஸ்ல எழுதிக் குடுப்பாங்களா?"

அப்பா, "ஐயா, அதுக்கு எதுவும் தெரியாது, படிச்ச புள்ள" என்றார். அவர் என்ன சொல்ல வந்தார் என்று எங்கள் மூவருக்குமே புரியவில்லை.

"சரி, அந்த ரசீதை மட்டும் எடுத்துக்கிறேன் சார். மத்தத வச்சுப் பாருங்க."

மேலாளர் என் கையிலிருந்த நகலைப் பார்த்தார். "சீல் போட்டு, நம்பர் போட்டு உள்ள வந்துருச்சும்மா. பட்டியல்லயும் எழுதியிருக்கீங்க. நான் பாக்கலன்னு எப்படிச் சொல்றது? வெறும் மனுவா குடுத்திருந்தீங்கன்னா, விடுதி வாடகை, பஸ் செலவுன்னு போட்டு நானே சிபாரிசு எழுதியிருப்பேன்."

இரண்டு வழி சொன்னார். ஒன்று, உண்மையான சம்பளம் இவ்வளவுதான் என்று அலுவலகக் கடிதம். இரண்டு, நிலுவை முப்பத்தெட்டாயிரத்தை நெல் பணத்திலிருந்தே பிடித்துக்கொள்ளலாம் என்று அப்பா எழுதிக் கொடுப்பது. அப்படிக் கொடுத்தால் மிச்சத்துக்குப் பிடிப்பு போய்விடும். ஆனால் அதற்கும் மண்டல அலுவலக ஒப்புதல் வர ஒரு வாரம் பத்து நாள் ஆகும்.

"வெள்ளிக்கெழமை குத்தகை குடுக்கணுங்கய்யா" என்றார் அப்பா.

"நான் இன்னைக்கே அனுப்புறேன். என் கையில இருக்குறது அவ்வளவுதான்."

அப்பா அங்கேயே எழுதிக் கொடுத்தார். நான் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். அதற்கும் முத்திரை வாங்கினேன். வெளியே வந்ததும் வேறு எதுவும் பேசாமல், "டீ சாப்பிடுறியா?" என்று கேட்டார்.

*

மறுநாள் நிறுவனர் அறைக்குப் போனேன். கடிதம் கிடைத்தால் மேலாளர் அன்றே மண்டல அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசுவதாகச் சொல்லியிருந்தார்.

நிறுவனரைக் கெட்டவர் என்று எழுதினால் எனக்கு எளிதாக இருக்கும். ஆனால் எங்கள் ஏழாயிரம் எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும். பயிற்சியாளரின் ஆட்டோவுக்கு, சக்கர நாற்காலியின் டயருக்கு, குழந்தைகளை மருத்துவக் கல்லூரிக்குக் கூட்டிப்போகும் வேனுக்கு. அவர் சட்டைக் காலர் உள்பக்கம் நைந்திருக்கும்.

"லெட்டர்ல பதினொண்ணுன்னு எழுதுனா ஆடிட்டர் என்னம்மா கேப்பாரு? மிச்சம் ஏழு எங்கன்னு கேப்பாரு."

"உண்மை அதுதானே சார்."

"உண்மைதாம்மா. அத எழுதுனா அடுத்த மாசம் இந்த ஆபீஸ் இருக்காது. நீ பாக்குற புள்ளைங்க என்ன ஆவும்? அந்த நாற்காலிப் புள்ள இப்பத்தான் கழுத்த நிமுத்துது."

"எங்கப்பா நிலம் போயிரும் சார்."

"கொஞ்சம் பொறுக்கச் சொல்லு. பேசினா கேக்காமயா போவாங்க? நாமெல்லாம் சேவைன்னு வந்துட்டோம். இதெல்லாம் பாத்தா முடியுமா?"

"நான் சேவைன்னு வரல சார். கடன் வாங்கிப் படிச்சிட்டு வந்தேன்."

நான் கத்தவில்லை. அவருக்கு அது கத்தினதைவிட அதிகமாக உறைத்திருக்க வேண்டும். பிறகு சட்டைப் பையிலிருந்து எடுத்து எண்ணி, ஐயாயிரத்தை என் பக்கம் தள்ளினார். "இது ஆபீஸ் பணம் இல்ல. என்னோடது."

வாங்கிக்கொண்டேன். வாங்கியிருக்கக் கூடாது என்று அப்போதும் தோன்றவில்லை, இப்போதும் தோன்றவில்லை.

நானே ஒரு கடிதம் எழுதியிருக்கலாம். பணம் தரும் அமைப்புக்கு, இந்த ரசீதுகள் எல்லாம் விருப்பத்துடன் அளித்தவை அல்ல என்று. எழுதியும் பார்த்தேன். அனுப்பினால் என்ன நடக்கும் என்று பக்கத்தில் குறித்தேன்: திட்டம் நிற்கும், அக்காவுக்கும் மற்ற எட்டுப் பேருக்கும் வேலை போகும், எனக்கும் போகும். வேலை போனால் தவணை கட்ட இரண்டாயிரமும் இருக்காது. நிலம் கிடைக்கும் என்று எந்த வரியிலும் எழுத முடியவில்லை. கடிதத்தை அனுப்பவில்லை.

வெள்ளிக்கிழமைக்குள் சேர்ந்தது: நிறுவனர் ஐயாயிரம், விடுதித் தோழி நான்காயிரம், என் கல் தோடுக்கு ஐந்து, அக்கா மூன்று. அக்கா கொடுக்கும்போது, "இதுக்கு ரசீது கெடையாதுடி" என்றார். பதினேழாயிரம்.

*

காரியக்காரர் வண்டியை விட்டு இறங்கவில்லை. இயந்திரத்தை மட்டும் நிறுத்தி, ஒரு காலை ஊன்றிக்கொண்டு பேசினார்.

"என்னப்பா, ரெடியா?"

"பதினேழு இருக்குங்கய்யா. மிச்சம் அடுத்த வாரம் வந்துரும். பேங்க்ல இருக்குது. எம் மக எழுதியே குடுத்திருக்கு."

நான் முத்திரையிட்ட நகலை நீட்டினேன். அதை வாங்கக் கூட இல்லை.

"நான் என்ன பண்றதும்மா? அவங்களுக்குக் கணக்குச் சொல்லணும். அந்தாளு முழுசா கையில வச்சுக்கிட்டு நேத்தே வந்து நிக்கிறாரு. ஒரு நாளு தள்ளிப் போட்டதே ஒங்கப்பா மொகத்துக்காக."

"பதினேழ வச்சுக்கிட்டு ஒரு வாரம் குடுங்கய்யா" என்றார் அப்பா. "இருவது வருஷமா ஒரு தடவ நிறுத்தியிருக்கனா?"

"நிறுத்தல. இந்தத் தடவ நிறுத்திட்டியேப்பா." பிறகு என்னைப் பார்த்து, "நீ வேலைக்குத்தானம்மா போற? பதினெட்டாயிரம் சம்பளம்னு ஒங்கம்மா சொல்லுச்சு. நீ குடுத்துருக்கக் கூடாதா?" என்றார்.

அம்மா உள்ளே இருந்தாள். அவளிடமும் நான் பதினெட்டாயிரம் என்றுதான் சொல்லியிருந்தேன்.

அவர் போன பிறகு அப்பா வாசலில் நின்றபடியே பணத்தை இன்னொரு முறை எண்ணினார், கூடியிருக்குமோ என்பதுபோல. எண்ணி முடித்து என்னிடம் கொடுத்தார். "யார் யார்ட்ட வாங்குனியோ அவங்களுக்குக் குடுத்துரு. வட்டி இல்லாம குடுத்தவங்க, வச்சுக்கக் கூடாது."

அம்மா வெளியே வந்து, "விடுதி, பஸ்ஸு, பேங்க், வீட்டுக்குக் குடுக்குறதுன்னு போக மிச்ச ஏழாயிரத்த நீ என்ன பண்ற?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளக் கேட்டாள். சொன்னேன். எத்தனை விதமாகச் சொல்லியும், சம்பளம் கொடுத்துத் திரும்ப வாங்கும் ஓர் இடத்தில் நான் ஏன் இருக்கிறேன் என்பது அவளுக்கு விளங்கவில்லை. "வேற வேலை?" என்றாள். தேடியவற்றைச் சொன்னேன். ஒன்றில் எட்டாயிரம், ஒன்றில் ஒன்பதாயிரம், ஒன்றில் சேவை மனப்பான்மை உள்ளவர்கள் மட்டும் விண்ணப்பிக்கவும் என்று போட்டுத் தொகையே போடவில்லை.

"இதுக்குத்தான் ரெண்டு வருஷம் படிச்சியா?" என்றாள். அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிக் கேட்டதில்லை.

செவ்வாய்க்கிழமை வங்கியிலிருந்து செய்தி வந்தது. நிலுவை பிடித்தது போக எழுபத்திரண்டாயிரம் விடுவிக்கப்பட்டது. அப்பா அன்றே போய் எடுத்தார். உரக்கடைக்கும் அறுவடை இயந்திரத்துக்கும் குழுக்கடனுக்கும் அது சரியாகப் போயிற்று. அம்மாவின் சங்கிலியை மீட்க மிஞ்சவில்லை.

வைகாசியில் ஒரு நாள் அப்பா அழைத்தார்.

"பாப்பா, வேலையா இருக்கியா?"

"சொல்லுங்கப்பா."

"ஒண்ணுமில்ல. அந்தப் புது ஆளு போன் பண்ணாரு. மழை பெய்ஞ்சா வயல் எந்தப் பக்கம் வடியும்னு கேட்டாரு."

"என்ன சொன்னீங்க?"

"வடகெழக்கு மூலையில மடை இருக்கு, அடைச்சுக் கெடக்கும், தோண்டிட்டா வடிஞ்சிரும்னேன்." பிறகு, "தோண்ட ஆளு வேணுமாம். நானே வர்றேன்னு சொல்லிட்டேன்" என்றார்.

நான் எங்கே நின்றுகொண்டு அதைக் கேட்டேன் என்றால், சம்பள நாள் வரிசையில். எனக்கு முன்னால் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்கள் எடுத்து முடித்ததும் நானும் ஏழாயிரம் எடுத்தேன். மாதம் இரண்டாயிரமாவது கட்டிக்கொண்டிருந்தால்தான் அப்பாவின் கணக்கை மறுபடி பிடிக்கும் நாள் கொஞ்சம் தள்ளிப்போகும். அந்த இரண்டாயிரத்துக்கு இந்த வேலை வேண்டும். இந்த வேலைக்கு இந்த ஏழாயிரம் வேண்டும். இதை நான் பலமுறை எழுதிப் பார்த்துவிட்டேன். வேறு மாதிரி வருவதில்லை.

அக்கா ரசீதுப் புத்தகத்தைத் திறந்தார்.

"எனக்கு ரசீது வேண்டாம்க்கா" என்றேன்.

"கணக்குல வரணும்டி. எழுதாம வாங்க முடியாது." பேனாவை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். அன்றைக்கு உண்டியல், நேர்த்திக்கடன் என்று எதுவும் சொல்லவில்லை. மறுபடி பேனாவை எடுத்து, என் பெயரை எழுதி, தொகையை எழுதி, கிழித்துக் கொடுத்தார்.

விடுதிக்கு வந்து கோப்பை எடுத்தேன். முந்தைய ரசீதின் எண்ணைப் பார்த்து, அடுத்த எண்ணை மூலையில் எழுதி, உள்ளே வைத்தேன்.